ஊர்சுற்றி மண்ணீரல்

ஓர் உறுப்பை வெட்டி எடுப்பது பெரும்பாலும் சுலபமான வேலை. அதை அதன் இடத்திலேயே உயிரோடு இருக்க வைப்பதில்தான் கஷ்டம். நான் எம்.எஸ். படித்த காலத்தில் மண்ணீரல் விஷயத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பைக்கிலிருந்து விழுந்தவர், பனையேறி விழுந்தவர், மாடு முட்டியவர் என்று இரவு டூட்டியில் வந்துகொண்டே இருப்பார்கள். வயிறு உப்பியிருக்கும், நாடி விரட்டும், ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். வயிற்றைத் திறந்தால் ரத்தக் கட்டிகளுக்கு நடுவே மண்ணீரல் கிழிந்து கிடக்கும். கையை உள்ளே விட்டு அதை முன்னால் கொண்டுவந்து, ரத்தக்குழாய்கள் வரும் காம்பில் கிளாம்ப் போட்டு, வெட்டி, கட்டி, ட்ரேயில் வைத்துவிடுவோம். ஆள் பிழைத்துவிடுவார். மறுநாள் ரவுண்ட்ஸில் சீஃப் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஒரு பி.ஜி.க்கு அதைவிட என்ன வேண்டும்?

உயிர் போகும் அவசரத்தில் இன்றைக்கும் அதுதான் சரியான வைத்தியம். ஆனால் அவசரமே இல்லாத இடத்திலும் மண்ணீரலை எடுப்பது வழக்கமாகிப் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. தைராய்டு ஆராய்ச்சிக்காக 1909இல் நோபல் பரிசு பெற்ற ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் தியோடர் கோகர், மண்ணீரலில் காயம் பட்டால் எடுத்துவிட வேண்டும், எடுப்பதால் கெடுதல் ஒன்றும் வராது என்ற கருத்தை உறுதியாகச் சொன்னவர். அவர் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? ஏறக்குறைய அரை நூற்றாண்டு அப்படியே ஓடியது. 1952இல் அமெரிக்காவில் கிங், ஷூமேக்கர் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். பரம்பரை ரத்தசோகை நோய்க்காக மண்ணீரல் எடுக்கப்பட்ட ஐந்து பச்சிளங்குழந்தைகளுக்குப் பின்னால் கடுமையான கிருமித்தொற்று வந்திருந்தது. மண்ணீரலுக்கும் நோய் எதிர்ப்புக்கும் உள்ள உறவை அறுவை மருத்துவர்கள் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான். 1968இல் டொரண்டோவிலிருந்து உபாத்யாயா, சிம்ப்சன் இருவரும் எழுதிய கட்டுரை, அடிபட்ட குழந்தைகளின் மண்ணீரல் பல சமயம் தானாகவே ஆறிவிடும் என்று காட்டியது. அந்த உபாத்யாயா நம் நாட்டுக்காரர். குழந்தை அறுவை சிகிச்சையில் பெரிய பெயர்.

மண்ணீரல் ஒரு கைப்பிடி அளவுதான். பெரியவர்களுக்குச் சுமார் 150 கிராம் இருக்கும். இடது பக்கம் 9, 10, 11ஆம் விலா எலும்புகளுக்குக் கீழே ஒதுங்கி இருப்பதால் நல்ல நிலையில் கைக்குத் தட்டுப்படாது. ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதம் இந்தச் சிறிய உறுப்புக்குள் புகுந்து வருகிறது. சுமார் 120 நாள் வாழ்ந்து களைத்த சிவப்பணுக்களை அது பிடித்து அழிக்கிறது. தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கு அதற்குள் இருப்பில் கிடக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், நிமோகாக்கஸ் போல மேலே வழவழப்பான உறை போர்த்திக்கொண்டு வரும் கிருமிகளை ரத்தத்திலிருந்து வடித்துப் பிடிப்பது. மண்ணீரல் இல்லாதவர்களில் மிகச் சிலருக்கே அந்தத் தொற்று வரும். வந்தால், காலையில் லேசான காய்ச்சலாகத் தொடங்கி இரவுக்குள் ஐ.சி.யு.வில் கொண்டு போய் விடும். அப்படிப் படுப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் எழுந்திருப்பதில்லை. மண்ணீரல் எடுத்துப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும் இந்த அபாயம் தீர்வதில்லை. சின்ன வயதில் எடுத்தவர்களுக்கு அது கூடுதல்.

இத்தனையும் படித்துப் பரீட்சையும் எழுதியாயிற்று. ஆனாலும் மண்ணீரலைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் மெனக்கெட வேண்டி வந்தது, இடம்விட்டு இடம் அலையும் மண்ணீரல்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான்.

சாதாரணமாக மண்ணீரலைப் பல சவ்வுப் பட்டைகள் சேர்ந்து பிடித்து வைத்திருக்கும். இரைப்பையோடு ஒன்று, இடது சிறுநீரகத்தோடு ஒன்று, உதரவிதானத்தோடு ஒன்று, அடியில் பெருங்குடலின் வளைவையொட்டி ஒன்று. கரு வளரும்போது இரைப்பையின் பின்பக்கச் சவ்வு வயிற்றின் பின்சுவரோடு சரியாக ஒட்டினால்தான் இந்தப் பட்டைகள் உருவாகும். சிலருக்கு அது நடப்பதில்லை. பட்டைகள் இருக்காது, அல்லது நீண்டு தொளதொளவென்று இருக்கும். அப்போது மண்ணீரலுக்கு மிச்சமிருப்பது ரத்தக்குழாய்க் காம்பு ஒன்றுதான். அந்தக் காம்பு நீளும். மண்ணீரல் தொப்புளுக்குக் கீழே இறங்கும், சில பேருக்கு இடுப்புக் குழிவரை போகும். பெரியவர்களில் இதை அதிகம் பார்ப்பது 20இலிருந்து 40 வயதுக்குட்பட்ட பெண்களிடம். கர்ப்ப காலத்து ஹார்மோன்களால் சவ்வுகள் தளர்வது ஒரு காரணம் என்று சொல்வார்கள். மலேரியா போன்ற நோய்களில் மண்ணீரல் கனத்துப் போய்ப் பட்டைகள் இழுபடுவதும் உண்டு. குழந்தைகளிடமும் இது வரும்.

இறங்கிய மண்ணீரல் சும்மா கிடந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. காம்பு முறுக்கிக்கொள்ளும்போதுதான் வம்பு. சிரையின் சுவர் மெலிது, அதனால் முதலில் அதுதான் அடைபடும். தமனி ரத்தத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும், வெளியே போக வழியிருக்காது. மண்ணீரல் வீங்கும், அதன் உறை விண்ணென்று விரியும், வலி உயிர் போகும். முறுக்கு தானாகவே அவிழ்ந்தால் வலி நின்றுவிடும். அவிழாமல் இறுகினால் தமனியும் அடைபட்டு மண்ணீரல் செத்துப்போகும். கணையத்தின் வால் மண்ணீரலின் வாசல்வரை நீண்டிருப்பதால் சில சமயம் அதுவும் முறுக்கில் மாட்டிக்கொள்ளும்.

மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள். கூட அப்பா, அப்பத்தா. அப்பா லாரி ஓட்டுகிறவர், வாயைத் திறக்கவில்லை. பேசியதெல்லாம் அப்பத்தாதான்.

“ஆறு மாசமா இப்பிடித்தான் டாக்டர். வலி வந்தா சுருண்டு படுத்துக்கிறா, வாந்தி எடுக்குறா. ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா எந்திரிச்சு வெளையாடப் போயிர்றா. பள்ளிக்கூடத்துக்குப் போகப் பிடிக்காம நடிக்கிறாளோன்னுகூட நெனச்சோம்.”

“ஊர்ல என்ன வைத்தியம் பாத்தீங்கம்மா?”

“சூட்டு வலின்னு வெளக்கெண்ண வச்சோம். குடல் ஏறிருச்சுன்னு ஒரு அம்மாகிட்டக் கூட்டிப் போய்த் தடவிவிட்டோம். தடவிவிட்டா நின்னுரும் டாக்டர். இந்தத் தடவ நிக்கல.”

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நோய்க்குறிப்பு முழுவதும் இருந்தது. வயிற்றைத் தடவிப் பிசையும்போது முறுக்கு அவிழ்ந்திருக்கலாம், அல்லது அது பாட்டுக்கு அவிழும் நேரமும் தடவும் நேரமும் ஒத்துப்போயிருக்கலாம். எப்படியானாலும் வீட்டார் நம்பியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கண்ணால் பார்த்தது அதைத்தான். எங்கள் துறையிலும் இப்படி விட்டு விட்டு வரும் வலிக்கு இரைப்பைப் புண், பூச்சி, மாதவிலக்கு வலி என்று ஏதாவது ஒரு பெயர் வைத்து மாத்திரை கொடுத்து அனுப்புவது சர்வசாதாரணம். வலி இல்லாத நேரத்தில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் புலப்படாது.

அன்று வலி இருந்தது. தொப்புளுக்கு இடது கீழே கெட்டியாக ஒரு கட்டி. ஓரத்தை விரலால் தடவினால் ஓர் இடத்தில் உள்வாங்கிய பள்ளம் தட்டுப்பட்டது. மண்ணீரலின் முன் விளிம்பில் இருக்கும் அந்த வெட்டுக்குழி வயிற்றில் வேறெந்தக் கட்டிக்கும் கிடையாது. “கண்ணு, மெதுவா அமுக்குறேன், வலிச்சா சொல்லு” என்று அதை இடது விலாப் பக்கம் மேலே நகர்த்தினேன். பேசாமல் இருந்தாள். வலது பக்கம் கீழே நகர்த்தியதும் முகம் சுளித்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தன் பழைய இடத்தை நோக்கிப் போகும்போது காம்பு தளர்கிறது, விலகும்போது இழுபடுகிறது. இடது விலாவுக்குக் கீழே விரலால் தட்டினால், மந்தமாகக் கேட்க வேண்டிய இடத்தில் காற்று நிறைந்த குடலின் கணீர்ச் சத்தம் கேட்டது.

ஸ்கேன் அறையிலிருந்து போன் வந்தது. “சார், இந்தப் பொண்ணுக்கு மண்ணீரல் எடுத்திருக்காங்களா? மேல காணோமே.”

“வயித்துல ஒரு தழும்புகூட இல்லையே. கீழ பாருங்க.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “இருக்கு சார். மூத்திரப்பைக்குக் கொஞ்சம் மேல.”

டாப்ளரில் தமனியில் ரத்தம் மெலிந்து ஓடியது, சிரையில் ஓட்டம் அநேகமாக இல்லை. சி.டி.யில் காம்பு இருந்த இடத்தில் ரத்தக்குழாய்களும் கொழுப்பும் சேர்ந்து வட்டத்துக்குள் வட்டமாகச் சுழன்று தெரிந்தன. முறுக்கின் கையெழுத்து அது. மண்ணீரல் வீங்கியிருந்தது. ஊசியில் போட்ட சாயத்தைத் திட்டுத் திட்டாகத்தான் வாங்கியிருந்தது. ஆனாலும் வாங்கியிருந்தது. ரத்த ஓட்டம் முழுக்க நின்றிருந்தால் அது கறுப்பாகவே தெரிந்திருக்கும்.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். “எடுத்துட்டா திரும்ப வலி வராதுல்ல டாக்டர்?”

நியாயமான கேள்வி. வராது. ஒரே ஆபரேஷனில் முடிந்துவிடும். மேலே வைத்துக் கட்டினால் மறுபடி நழுவ வாய்ப்பு உண்டு. அப்புறம் ஸ்கேனுக்கு அலைய வேண்டும். இதை மறைக்காமல் சொன்னேன். எடுத்துவிட்டால் அவள் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பயப்பட வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னேன். “அதுல உயிர் இருந்தா வச்சுருவோம். செத்திருந்தா எடுத்துருவோம். உள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியும். ரெண்டுக்கும் கையெழுத்துப் போடுங்க.” அவர் இரண்டு தாளையும் நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அலையும் மண்ணீரலைப் பற்றிய முதல் குறிப்பு 1667இல் வான் ஹோர்ன் என்பவருடையது; இறந்தவர் உடலைப் பரிசோதித்தபோது கண்டது. 1877இல் ஜெர்மனியின் மார்ட்டின் அப்படிப்பட்ட ஒரு மண்ணீரலை அறுவை செய்து எடுத்தார். 1895இல் போலந்துக்காரரான லுட்விக் ரிடிகர், எடுக்காமல் வயிற்றுச் சவ்வுக்குப் பின்னால் ஒரு பை போல் இடம் ஏற்படுத்தி அதற்குள் மண்ணீரலை வைத்தார். உறுப்பு எதற்குப் பயன்படுகிறது என்று தெளிவாகத் தெரியாத காலத்தில் ஒருவருக்கு அதை வைத்துவிடத் தோன்றியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் அவர் வழி அன்று பரவவில்லை. வயிற்றைப் பெரிதாகத் திறந்து, வழவழவென்று வழுக்கும், தொட்டால் ரத்தம் கசியும் ஒரு உறுப்பைத் தைத்து நிறுத்துவதைவிட எடுப்பது சுலபமாக இருந்தது. மண்ணீரலின் உறையில் நேரடியாகத் தையல் போட்டவர்கள், உறை கிழிந்து ரத்தம் கொட்டியதைப் பார்த்து அந்த வழியையே விட்டுவிட்டார்கள்.

லேப்ராஸ்கோப்பி வந்த பிறகு கணக்கு மாறியது. நம் நாட்டில் 1990இல் மும்பையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்துத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டே பிரான்சில் அதே முறையில் மண்ணீரலை எடுத்தார்கள். 1990களின் பிற்பாதியில் அலையும் மண்ணீரலைச் சிறு துளைகள் வழியாகவே மேலே நிறுத்திவைக்கும் அறுவைகளும் வெளிவரத் தொடங்கின. விலாவுக்கடியில் அந்த ஆழமான மூலை, வயிற்றைத் திறந்து பார்க்கும்போது கைக்கும் கண்ணுக்கும் சரியாக எட்டாத இடம். கேமரா அங்கே நேராகப் போய் நின்று பெரிதாக்கிக் காட்டுகிறது. மக்கள் இதைக் ‘கேமரா ஆபரேஷன்’ என்பார்கள். மிகச் சரியான பெயர். கத்தியைவிடக் கேமராதான் இதில் பாதி வேலை செய்கிறது.

மறுநாள் காலை தியேட்டர். பிள்ளையை இடது பக்கம் மேலே வரும்படிச் சாய்த்துப் படுக்க வைத்தோம். தொப்புளில் 10 மி.மீ. துளை ஒன்று, மற்றவை 5 மி.மீ. கரியமில வாயுவின் அழுத்தத்தை 10க்கு மேல் ஏற்றாதீர்கள் என்று மயக்க மருத்துவர் மேடம் முன்பே சொல்லியிருந்தார். கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால் இடது மேல் மூலை காலி. பெருங்குடலின் வளைவு தைரியமாக ஏறி வந்து மண்ணீரலின் இடத்தில் உட்கார்ந்திருந்தது. கீழே, குடல்களை ஒதுக்கியதும், கத்தரிக்காய் நிறத்தில் மண்ணீரல். பளபளவென்று, வெடித்துவிடும் போல் விறைத்து நின்றது.

பக்கத்தில் நின்ற பி.ஜி. மெதுவாகக் கேட்டான்: “சார், எடுத்துரலாமா?”

“மொதல்ல முறுக்க எடுப்போம்ப்பா.”

மண்ணீரலைக் கிராஸ்பரால் பிடிக்கவே கூடாது. பல் பட்ட இடத்தில் ரத்தம் வரும். வாயை மூடிய கருவியின் பக்கவாட்டால், அல்லது கருவியில் சுற்றிய சிறு காஸால் தள்ளித்தான் திருப்ப வேண்டும். காம்பைப் பார்த்து, முறுக்கு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டு எதிர்ப்பக்கம் உருட்டினோம். இரண்டு முழுச் சுற்று அவிழ்ந்தது. கணையத்தின் வால் பாதிவழி வந்திருந்தாலும் அதில் வீக்கம் இல்லை.

அப்புறம் காத்திருக்க வேண்டும். இந்தச் சிகிச்சையில் யாருக்கும் பொறுக்காத பகுதி இதுதான். வெதுவெதுப்பான சலைனை மேலே ஊற்றிவிட்டு, கருவிகளை விலக்கிக்கொண்டு, திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்ப்பார். அடுத்த கேஸ் வெளியே ட்ராலியில் படுத்திருக்கும். கத்தரி நிறம் முதலில் ஓரத்தில் வெளிறும். பிறகு உள்ளிருந்து ஒரு செம்மை. விறைப்புக் குறைந்து உறையில் மெல்லிய சுருக்கங்கள் விழும். காம்பில் தமனி துடிப்பது கண்ணுக்கே தெரியும். இப்போது சில இடங்களில் ஐ.சி.ஜி. என்ற பச்சைச் சாயத்தை ஊசியில் போட்டு, தனி ஒளியில் பார்த்து, ரத்தம் எதுவரை போகிறது என்று உறுதி செய்துகொள்கிறார்கள். அன்று எங்களிடம் அது இல்லை. நிறமும் துடிப்பும்தான் சாட்சி. ஓரமாக ஒரு சிறு பகுதி மட்டும் கறுத்தே இருந்தது. மிச்சமெல்லாம் பழைய செம்பழுப்புக்கு வந்தது. ஓரம் கறுத்ததற்காக முழு மண்ணீரலையும் எடுக்கத் தேவையில்லை. உயிருள்ள பாகம் போதும்.

நிறுத்திவைக்க இரண்டு வழிகள் நடைமுறையில் உண்டு. ரிடிகரின் வழி ஒன்று: இடது பக்கவாட்டில் வயிற்றுச் சவ்வைக் கீறி, அதற்குப் பின்னால் இடம் விரித்து, மண்ணீரலை அதற்குள் செருகிச் சவ்வை மூடுவது. உள்ளே அந்நியப் பொருள் எதுவும் தங்காது என்பது அதன் நன்மை. ஆனால் வீங்கிய மண்ணீரல் அந்த இடத்தில் அடங்காது. மற்றது வலை. உடலில் தானாகவே கரைந்துபோகும் நூலால் நெய்த வலை இது. இரண்டு மூன்று மாதத்தில் கரைந்துவிடும். அதற்குள் மண்ணீரலைச் சுற்றி ஒட்டுத்திசு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பிள்ளைக்கு நாங்கள் எடுத்தது வலை.

வலையைச் சுருட்டித் தொப்புள் துளை வழியாக உள்ளே அனுப்பி, இடது மேல் மூலையில் விரித்தோம். அதன்மேல் மண்ணீரல். மேலே இன்னொரு வலை. இரண்டின் ஓரங்களையும் சேர்த்துத் தைத்து, உதரவிதானத்திலும் பக்கச் சுவரிலும் பொருத்த வேண்டும். உதரவிதானத்தில் டாக்கர் என்ற ஆணி அடிக்கும் கருவியை நான் விடுவதில்லை. அந்த மெல்லிய தசைக்கு அந்தப் பக்கம் நுரையீரலும் இதயமும் இருக்கின்றன. மேலோட்டமாக ஊசி எடுத்துக் கையால்தான் முடிச்சு. ஐந்து மி.மீ. துளை வழியாக, தலைக்கு மேலே இருக்கும் கூரைக்குத் தையல் போடும் வேலை. தோள் கடுக்கும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது காம்பு நுழையும் வாய். வலையில் அந்த இடத்தில் மட்டும் ஒரு பிளவு விட்டு, காம்பைச் சுற்றி வளைத்து மூட வேண்டும். கொஞ்சம் இறுக்கினால் சிரை அழுந்தும். அவிழ்த்த முறுக்கை நாமே திரும்பப் போட்ட மாதிரி. கொஞ்சம் தளர விட்டால் மண்ணீரல் அந்த வழியாகவே நழுவி வெளியேறும். ஒவ்வொரு முடிச்சுக்கும் பிறகு நிறுத்தி, மண்ணீரலின் நிறத்தையும் தமனித் துடிப்பையும் பார்த்த பிறகே அடுத்த முடிச்சு. கடைசியில் இரைப்பையின் மேல்பகுதியை உதரவிதானத்தோடு சேர்த்து இரண்டு தையல். மண்ணீரலைப் பிடிக்கும் பட்டைகள் இல்லாத வயிற்றில் இரைப்பையும் பிடிப்பில்லாமல்தான் இருக்கும். பின்னாளில் அது தன்னைத்தானே திருகிக்கொள்வதும் உண்டு. ஏறி வந்திருந்த பெருங்குடல் வளைவைக் கீழே இறக்கி, அதன் இடத்தில் வைத்தோம்.

வெளியே வந்து வீட்டாருக்கு விளக்கினேன். வலை, கட்டு, கரைந்துவிடும், ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி முடித்ததும் அப்பத்தா, “அதாவது தூளி கட்டித் தொங்கவிட்டுருக்கீங்க” என்றார். அதற்குப் பிறகு எந்த வீட்டாருக்கும் நான் வேறு விளக்கம் சொன்னதில்லை.

மறுநாள் டாப்ளரில் தமனி, சிரை இரண்டிலும் ஓட்டம் இருந்தது. ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனிலும் மண்ணீரல் விலாவுக்கடியில் இருந்தது. குறைந்திருந்த தட்டணுக்கள் சரியான அளவுக்கு வந்திருந்தன. ரத்தப் படலத்தையும் பார்க்கச் சொல்வேன். மண்ணீரல் வேலை செய்யாவிட்டால் சிவப்பணுக்களுக்குள் ஹோவெல்-ஜாலி என்ற சிறு கரும்புள்ளிகள் வடிகட்டப்படாமல் மிஞ்சும். அவை இல்லையென்றால் வடிகட்டி ஓடுகிறது என்று பொருள். அவள் ரத்தத்தில் அவை இல்லை.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. நான்கு பிள்ளை பெற்ற, நாற்பதை நெருங்கிய ஒரு அம்மா, வலி தொடங்கி நாலைந்து நாள் வீட்டிலேயே பொறுத்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தார். சூலகக் கட்டி முறுக்கியிருக்கலாம் என்று மகப்பேறு பிரிவில் சேர்த்திருந்தார்கள். இடுப்புக் குழியில் வலியோடு கட்டி இருந்தால் யாரும் முதலில் நினைப்பது அதைத்தான். சி.டி.யில் மண்ணீரல் சாயத்தைத் துளியும் வாங்கவில்லை. கேமராவில் கன்னங்கறேலென்று கிடந்தது. முறுக்கை எடுத்தோம், காத்திருந்தோம், நிறம் திரும்பவில்லை. சிரை முழுவதும் ரத்தம் உறைந்திருந்தது. அதை வைத்துக் கட்டினால் சீழ்தான் பிடிக்கும். காம்பை அடைத்து வெட்டி, பைக்குள் போட்டு, துண்டு துண்டாக வெளியே எடுத்தோம். இரண்டு வாரம் கழித்து நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகள். தட்டணுக்கள் விறுவிறுவென்று ஏறியதால் கல்லீரலுக்குப் போகும் சிரையில் ரத்தம் உறைந்துவிடுமோ என்று சில வாரங்கள் கண்காணித்தோம். “மண்ணீரல் இல்லாதவர்” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தோம். அவர் அதை ரேஷன் கார்டோடு வைத்துக்கொண்டார்.

நாற்பது வயதில் மண்ணீரல் போவதும் பதின்மூன்றில் போவதும் ஒன்றல்ல. பள்ளி வயதுப் பிள்ளைக்கு முன்னால் இன்னும் எத்தனை காய்ச்சல், எத்தனை ஊர், எத்தனை டாக்டர்! ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் அந்த விவரத்தை ஞாபகமாகச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் பிள்ளைகள் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நிறம் திரும்பினால் வைத்துக் கட்டு. திரும்பவில்லையென்றால் மட்டும் எடு. இதை ஏற்காத நல்ல அறுவை மருத்துவர்களும் உண்டு. வலை செலவு, நேரம் கூடுதல், மறுபடி நழுவலாம் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. அரிய நோய் என்பதால் இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்து எடைபோடும் பெரிய ஆய்வுகளும் கிடையாது; அவரவர் பார்த்த சில நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளே அதிகம். ஆனால் நழுவிய மண்ணீரலை மறுபடி ஏற்றிக் கட்டலாம். எடுத்த மண்ணீரலைத் திருப்பி வைக்க முடியாது. தட்டில் வைத்தபின் யோசிப்பதில் பயனில்லை என்று என் பி.ஜி.க்களுக்குச் சொல்வேன்.

படிக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு வயிற்று வலி விட்டு விட்டு வருகிறது, வரும்போது வாந்தியும் இருக்கிறது, வயிற்றில் ஏதோ உருள்கிற மாதிரி தட்டுப்படுகிறது என்றால் தடவிவிடாதீர்கள். வீங்கிய மண்ணீரலைப் பிசைந்தால் கிழிந்துவிடும். வலி இருக்கும்போதே ஸ்கேனுக்குக் கூட்டிப் போங்கள். வலி நின்ற பிறகு போனால் பல சமயம் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். “மண்ணீரல் அதன் இடத்தில் இருக்கிறதா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, ஏற்கெனவே மண்ணீரல் எடுத்தவர்களுக்கு. விபத்தோ, தலசீமியாவோ, ரத்த நோயோ, காரணம் எதுவானாலும் சரி. தமிழ்நாட்டில் ஹிப் தடுப்பூசி 2011இன் கடைசியிலும் நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021இலும்தான் அரசின் குழந்தைத் தடுப்பூசிப் பட்டியலில் சேர்ந்தன. அதற்கு முன் பிறந்தவர்கள் பலர் அவற்றைப் போட்டிருக்க மாட்டார்கள். போட்டீர்களா என்று பழைய சீட்டை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும் முதல் வார்த்தையாக, மண்ணீரல் இல்லை என்று சொல்லுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் கஷாயம், பாராசிட்டமால் என்று விடியும்வரை பார்க்க வேண்டாம். நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.